Re: மகளை 52 கிலோவிலிருந்து 48-க்கு இறக்கலாமா?

திருமங்கலம் அண்ணனுக்கு வணக்கம். குத்துச்சண்டையில் 52 கிலோ எடைப்பிரிவில் தேசியப் பட்டம் வென்றவர்களின் பெயர்களைப் பார்த்துப் பயந்து, மகளை 48 கிலோ பிரிவுக்கு இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணே.

அந்தப் பட்டியல் நிலையாக இருப்பதில்லை. நிகத் ஸரீன் 2022-ல் 52 கிலோவில் உலகப் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே 50 கிலோவில் இன்னொன்று. பாரிஸ் ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவே கிடையாது, அதனால்தான் மாறினார். மேரி கோம் 2010-ல் 48 கிலோவில் உலகச் சாம்பியன்; லண்டன் ஒலிம்பிக்குக்காக 51-க்கு ஏறி வெண்கலம் வாங்கினார். யாரைப் பார்த்து நீங்கள் ஒதுங்குகிறீர்களோ, அவரே நாளை உங்கள் எடைக்கு வந்து நிற்பார்.

அதைவிடப் பெரிய விஷயம், அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) குத்துச்சண்டையில் மோதும் ஒவ்வொரு நாள் காலையும் எடை பார்ப்பார்கள். இறுதிப்போட்டி வரை அந்த 48-லேயே நிற்க வேண்டும். பதினேழு வயதில், வளர்கிற உடம்பு அது. சித்திரை வெயிலில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மழைக்கோட்டு போட்டு ஓடவிட்டு, தண்ணீரையும் நிறுத்தினால் எடை இறங்கும்தான். ஆனால் மூன்றாவது சுற்றில் கை தூக்க முடியாது, தாடையில் குத்து விழும். எனக்கு இதில்தான் பயம்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாதம் எடை குறித்து வையுங்கள். சாதாரணமாகச் சாப்பிட்டே 51-க்குக் கீழே நின்றால், கோச்சிடம் கீழ்ப் பிரிவு சரிப்படுமா என்று பேசலாம். இல்லையென்றால் இப்போதைய பிரிவிலேயே ஆடட்டும். அப்புறம், மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று அவள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் முதலில் டாக்டர்.