குவாசிகிரிஸ்டல் பூச்சைப் பட்டறையிலேயே செய்ய முடியுமா?

கேள்வி: அலுமினியப் பாத்திரங்களும் சிறு உதிரி பாகங்களும் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் சீக்கிரமே கீறல் விழுந்து உரிந்துவிடுகிறது. குவாசிகிரிஸ்டல் என்ற உலோகக் கலவை மிகக் கடினமானது, மாவும் ஒட்டாது என்று படித்துவிட்டு, அலுமினியம் 65, செம்பு 20, இரும்பு 15 என்ற விகிதத்தில் உருக்கி வார்த்தேன். கிடைத்த கட்டி சுத்தியலால் தட்டியதும் நொறுங்கிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: முதல் தவறு தராசில் நேர்ந்திருக்கிறது. அந்த 65, 20, 15 என்பவை அணுக்களின் எண்ணிக்கை விகிதம். எடை விகிதம் அல்ல. செம்பு, இரும்பு அணுக்கள் ஒவ்வொன்றும் அலுமினிய அணுவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானவை என்பதால், எடையில் கணக்கிட்டால் ஒரு கிலோ கலவைக்கு அலுமினியம் சுமார் 454 கிராம், செம்பு 329 கிராம், இரும்பு 217 கிராம் வரும். தாங்கள் 650 கிராம் அலுமினியம் போட்டிருந்தால், உலையில் இருந்தது அணுக்கணக்கில் 80 விழுக்காடு அலுமினியம் கொண்ட வேறொரு கலவை. மேலும், 65:20:15 என்பது 1987-இல் ஜப்பானில் ட்சாய் ஆன்-பாங்கும் அவருடைய குழுவினரும் முதலில் அறிவித்த விகிதம்; தூய குவாசிகிரிஸ்டல் கிடைப்பது 63:25:12-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதை எடையாக மாற்றினால் கிலோவுக்கு ஏறத்தாழ 430, 400, 170 கிராம்.

விகிதம் சரியாக இருந்தாலும், உருக்கி வார்ப்பதோடு வேலை முடிவதில்லை. இந்தக் கலவை குளிரும்போது முதலில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்த ஒரு சேர்மம் தகடு தகடாக உறைகிறது. அடுத்துக் கனசதுர அமைப்புள்ள இன்னொரு சேர்மம் உறைகிறது. இவ்விரண்டும் மிச்சமிருக்கும் திரவத்தோடு வினைபுரிந்த பிறகே குவாசிகிரிஸ்டல் உருவாகிறது. அது உருவாகும்போதே பழைய தகடுகளைச் சுற்றி ஓடு போல மூடிக்கொள்வதால், உள்ளே இருப்பவை வினைபுரிய வழியின்றிப் பாதியில் நின்றுவிடுகின்றன. ஆகவே, வார்த்த கட்டியை ஆர்கான் வாயுவிலோ வெற்றிடத்திலோ 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான். இதைச் செய்யாமல் கிடைப்பதைக் குவாசிகிரிஸ்டல் என்று அழைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

கட்டி நொறுங்கியதைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் அது நொறுங்கித்தான் இருக்கும். ஏன் என்பது இப்பொருள் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலேயே இருக்கிறது. 1982 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில், அப்போது தேசிய தர நிர்ணயப் பணியகம் என்று வழங்கிய நிறுவனத்தில், இஸ்ரேலிய விஞ்ஞானி டான் ஷெக்ட்மன் மிக வேகமாகக் குளிர்வித்த அலுமினியம்-மாங்கனீசுக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக அமைந்த பத்துப் புள்ளிகளைக் கண்டார். ஒழுங்கான ஐங்கோண ஓடுகளை மட்டும் கொண்டு தரையை இடைவெளியின்றிப் பாவ முடியாதல்லவா? அதே காரணத்தால் படிகத்தில் ஐந்து, பத்து மடங்குச் சமச்சீர் (ஒரு முழுச் சுற்றில் ஐந்து அல்லது பத்து முறை ஒரே தோற்றம் தருவது) வரவே முடியாது என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராமல் இருக்கலாம் என்பதை அந்தப் புள்ளிகள் காட்டின. அத்தகைய பொருளே குவாசிகிரிஸ்டல். லைனஸ் பாலிங் போன்ற வேதியியல் மேதையே நெடுங்காலம் எதிர்த்த அக்கண்டுபிடிப்புக்கு 2011-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தங்கள் சுத்தியலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. செம்புக் கம்பியை வளைக்கும்போது ஓர் அணுவரிசை வழுக்கி, முன்பிருந்தது போன்ற அடுத்த இடத்தில் போய் அமர்கிறது. திரும்ப வரும் அமைப்பு இல்லாத குவாசிகிரிஸ்டலில் அப்படி ஒத்த இடம் இல்லை. எனவே வழுக்கல் தடைபட்டு, அடி விழுந்ததும் விரிசல் ஓடுகிறது. கடினத்தன்மையும் நொறுங்கும் தன்மையும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் நீக்க வழியில்லை.

இதனால்தான் பிரெஞ்சு விஞ்ஞானி ழான்-மாரி துபுவா இதைப் பாத்திரமாக வார்க்காமல், தூளாக்கி, பிளாஸ்மாச் சுடரில் (மின்சாரத்தால் மிக அதிகமாகச் சூடேற்றிய வாயுவில்) உலோகத்தின்மேல் தெளிக்கும் முறையைக் கையாண்டார். 'சைபர்நாக்ஸ்' என்ற பெயரில் அத்தகைய வாணலிகள் பிரான்சில் விற்பனைக்கும் வந்தன. ஆனால் சந்தையில் நிலைக்கவில்லை. இப்பூச்சு டெஃப்லான் அளவுக்கு வழுக்காது. எஃகைவிடக் குறைவாக ஒட்டும், அவ்வளவே. அதைவிட முக்கியமானது உப்பு. பூச்சில் வினை முடியாத பிற சேர்மங்கள் மிஞ்சியிருந்தால், உப்பு நீரில் அவற்றுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். நாள்தோறும் உப்பும் புளியும் கொதிக்கும் நம் சமையலுக்கு, பதம் சரியாக வந்ததா என்று சோதிக்க முடியாத பூச்சைத் தாங்கள் விற்கக் கூடாது என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் தூளை உருகிய அலுமினியத்தில் கலந்து வார்த்தால் பாகங்கள் வலுப்பெறுமா என்றும் தாங்கள் யோசிக்கக்கூடும். அதில் குவாசிகிரிஸ்டல் அப்படியே நிலைக்காது; சுற்றியுள்ள அலுமினியம் உள்ளே ஊடுருவி அதைச் சாதாரணப் படிகச் சேர்மமாக மாற்றிவிடும். வார்ப்பிலேயே குவாசிகிரிஸ்டல் வேண்டுமென்றால், மக்னீசியத்தோடு துத்தநாகமும் சிறிதளவு இட்ரியம் என்ற உலோகமும் சேர்ந்த கலவைகளே பொருத்தமானவை. அவற்றில் அது சாதாரணமாகக் குளிரும்போதே உலோகத்துக்குள் நுண்துகள்களாகத் தானே உருவாகிறது. ஆனால் மக்னீசியம் தீப்பற்றும் உலோகம். அதற்கான தனி ஏற்பாடுகள் இல்லாத உலையில் அதைத் தொட வேண்டாம்.

மறுபடியும் அலுமினியம்-செம்பு-இரும்புக் கலவையைச் செய்து பார்ப்பதானால், துருப்பிடித்த இரும்பை ஒருபோதும் போடாதீர்கள். துருவும் உருகிய அலுமினியமும் சேர்ந்தால் தண்டவாளங்களை உருக்கி இணைக்கப் பயன்படும், கடும் வெப்பம் கக்கும் தெர்மிட் வினையே மூசைக்குள் நிகழக்கூடும். பதப்படுத்திய கட்டியை உடைத்து, வார்ப்பில் விழுந்த சிறு குழிகளை நுண்ணோக்கியில் பாருங்கள். அங்கே தடையின்றி வளர்ந்த மணிகளில் ஐங்கோண முகங்கள் தெரிந்தால், ஒரு துண்டைத் தூளாக்கி, பொருளறிவியல் துறை உள்ள ஏதேனும் ஒரு பொறியியல் கல்லூரியில் அணு அடுக்கைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுச் சோதனைக்குக் கொடுங்கள்.