செபத்தில் வந்த பெயரும் அவருடைய குளிசை உறையும்

கேள்வி: தவக்காலம் தொடங்கியதும், விடிய ஐந்து மணிக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் செபிப்பதென்று ஒவ்வொரு வருடமும் தீர்மானிக்கிறேன். இரண்டாம் கிழமையோடு நின்றுவிடுகிறது. நத்தாருக்கு நண்பர்கள் சேர்ந்து 25 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்தோம். படங்களைப் பேஸ்புக்கில் போட்டதற்குச் சிலர் குறை சொன்னார்கள். நாலு பேர் பார்த்தால்தானே நாலு பேர் செய்வார்கள்? விசுவாசத்தை வாழ்ந்து காட்ட இன்னும் என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், குருநகர்

பதில்: இன்னும் ஒன்றும் செய்ய வேண்டாம். முதலில் குறையுங்கள்.

ஒரு மணித்தியாலச் செபம் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகளுக்குச் சரி. அவர்களுக்கு மணியடிக்க ஆள் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பிள்ளைகள் இல்லை. உங்களுக்கு விடிய இருபது நிமிடம் போதும். மாற்கு நற்செய்தியை எடுங்கள். மொத்தம் 16 அதிகாரம்தான். நாளுக்கு அரை அதிகாரம் வாய்விட்டு வாசித்தால் 32 நாளில் முடியும், தவக்காலத்துக்குள் அடங்கும். பிறகு செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும். 53 மணியையும் காலையில் ஓட்டி முடிக்கப் பார்த்தால் 'அருள் நிறைந்த' என்று தொடங்கியது 'ஆமென்'னில்தான் காதில் விழும். முழுச் செபமாலையைப் பின்னேரம் வீட்டாரோடு சொல்லுங்கள்.

குழப்புவது பெரும்பாலும் இரண்டு விடயம். ஒன்று கைத்தொலைபேசி. அலாரத்தை நிறுத்தக் கை போனால் அப்படியே வட்ஸ்அப்புக்கும் போகும். மேசை மணிக்கூடு ஒன்று வாங்குங்கள், வேதாகமத்தையும் தாளில் வாசியுங்கள். மற்றது, தவறிய நாளை அடுத்த நாள் ஈடுசெய்யும் பழக்கம். இருபது நிமிடம் நாற்பதாகும், நாற்பது அறுபதாகும், பிறகு ஒன்றுமே இராது. விட்ட நாள் விட்டதுதான். கடவுள் வட்டிக்குக் கொடுப்பவர் அல்ல.

கடைசி ஐந்து நிமிடம் மன்றாட்டு. 'ஏழைகளுக்காக, நோயாளிகளுக்காக' என்று மொத்தமாக மன்றாடுவது நாம் எல்லோரும் பழகிவைத்திருக்கும் நழுவல். ஒரு கொப்பியில் மூன்று பெயரை எழுதுங்கள். நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்களின் பெயர். கிழமைக்கு ஒருவரையாவது போய்ப் பார்க்க வேண்டும். உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரிடம் வெறும் வாழ்த்தைச் சொல்லி அனுப்புகிறவரைப் பற்றி யாக்கோபு தமது திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார், எடுத்து வாசியுங்கள்.

இனி, உங்கள் பொதி. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாயோ தகப்பனோ தனியே இருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே அரிசிக்குப் பஞ்சம் இல்லை. தனி ஆச்சிக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தால் பாதி வண்டுக்குத்தான். சீனி வருத்தக்காரருக்குச் சீனியும் பிஸ்கட்டும் கொடுப்பது தருமமும் அல்ல.

போய் என்ன செய்வது? மத்தியானச் சாப்பாடும் நித்திரையும் முடிந்து நாலு மணிக்குப் பிறகு போங்கள். இரண்டு பேராகப் போங்கள். நீங்கள் பார்க்கப் போகிறவர் ஒரு பெண் என்றால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அரை மணித்தியாலம் போதும், முதல் பதினைந்து நிமிடம் நீங்கள் பேச வேண்டாம். பிறகு கிளினிக் கொப்பியைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் குளிசை சின்னச் சின்னக் கடதாசி உறைகளில்தான் வரும். மேசையில் ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போன மாதத்து உறையும் இந்த மாதத்து உறையும் கலந்து கிடக்கும். டொக்டர் அளவை மாற்றியிருப்பார், அல்லது ஒரு குளிசையை நிறுத்தியிருப்பார். கண் மங்கிய கிழவர் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார். தலைச்சுற்று 'வயசுக்கோளாறு' என்று பெயர் பெற்றிருக்கும். உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொப்பியின் கடைசிப் பதிவோடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாதவற்றைத் தனியே கட்டி வையுங்கள். எறியவோ, 'இதைப் போடாதையுங்கோ' என்று தீர்ப்புச் சொல்லவோ உங்களுக்கு உரிமையில்லை. அந்தக் கட்டையும் கொப்பியையும் தாமதிக்காமல் டொக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். கிளினிக் நாளில் விடியவே ஓட்டோ பிடித்துக் கூடப் போய், வரிசையில் நீங்கள் நின்று அவரை வாங்கில் இருத்துவது நாலு பொதிக்குச் சமம்.

தனியே தொடங்கினால் மூன்றாம் மாதத்தில் தளர்ந்துவிடும். உங்கள் பங்குக் கோவிலில் மரியாயின் சேனை இருந்தால் சேருங்கள். 1921இல் டப்ளினில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பு. இருவராகப் போவதும், கிழமைக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலப் பணியும், அடுத்த கூட்டத்தில் அறிக்கை சொல்வதும் அங்கே ஒழுங்கு. ஆனால் பொருளுதவி கொடுப்பது அவர்கள் வழியல்ல. அரிசி, மருந்து, கூரைத்தகடு என்று கொடுக்கத்தான் மனம் உந்தினால் 1833இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் டி போல் சபை பொருத்தம். இரண்டிலும் ஒன்று பொது: போன வீட்டுக் கதை வெளியே வரக்கூடாது.

படத்துக்கு வருகிறேன். 'நாலு பேர் பார்த்தால்தானே' என்கிறீர்கள். அந்த நாலு பேரில் பொதி வாங்கியவரின் மகளோடு படிக்கிற பிள்ளையும் ஒருத்தி. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற இயேசு கைத்தொலைபேசிக்கு விலக்குக் கொடுக்கவில்லை. யோசேப் வாஸ் அடிகளார் 1687இல், கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தர் கண்ணுக்குத் தப்பி யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் ஒளிந்து பணி செய்தவர். 1697இல் கண்டியில் அம்மை பரவ, சொந்தக்காரரே விட்டுப்போன நோயாளிகளைக் கழுவி, ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். அவர் புனிதராக அறிவிக்கப்பட்டது 2015 ஜனவரி 14இல். முந்நூறு வருடத்துக்கு மேல் பொறுத்த மனிதர். நீங்கள் பின்னேரம் வரைகூடப் பொறுக்கவில்லை.

படங்களை இன்றைக்கே அழியுங்கள். அந்த 25 குடும்பங்களின் பட்டியல் இன்னும் உங்களிடம் இருக்கும், கொப்பிக்கு முதல் மூன்று பெயரை அதிலிருந்தே எடுங்கள். சனிக்கிழமை போகும்போது கையில் பொதி வேண்டாம். அடுத்த கிளினிக் எந்த நாள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.