குழுவுக்கு ஒரே குட்டி ஆர்க்கிட்: எதை வாங்குவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே இனத்துக் குட்டி ஆர்க்கிட்டை ஆளுக்கொன்று வாங்கி, அவரவர் வீட்டில் வளர்த்து, ஓராண்டு முழுதும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் முதல் படியிலேயே பலரும் வழுக்குகிறார்கள்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர். சிலர் பல ஆண்டுகளாக ஆர்க்கிட் வளர்ப்பவர்கள், சிலர் இப்போதுதான் தொடங்குகிறார்கள். எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

பூவின் படத்தைப் பார்த்து வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். பன்னிரண்டு பேரும் தங்கள் வீட்டில் செடி வைக்கப்போகும் இடத்தின் இரவு வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து வாருங்கள். அந்தப் பட்டியலில் மிக மோசமான இடம் யாருடையதோ, அந்த இடத்தில் பிழைக்கும் செடிதான் உங்கள் செடி. கைதேர்ந்தவர் எதையும் வளர்த்துவிடுவார். மூன்றாம் மாதம் நான்கு செடிகள் செத்துவிட்டால் ஒப்பிட என்ன மிச்சமிருக்கும்?

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பகலில் நிழல் வலை கட்டலாம், விசிறி வைக்கலாம். இரவைக் குளிர வைப்பது எளிதல்ல. மலைக்காட்டிலிருந்து வந்த பல இனங்கள் பகல் வெயிலைக்கூட ஓரளவு தாங்கிக்கொள்ளும்; இரவிலும் வெப்பம் தணியாவிட்டால்தான் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும்.

என் முதல் தேர்வு ஹராயெல்லா. தைவானைச் சேர்ந்தது. விரல் நீளம்கூட இல்லாத இலைகள். செடியின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய பூ. மஞ்சள் உதட்டில் (ஆர்க்கிட் பூவில் தனித்துத் தெரியும் ஓர் இதழ்) கருஞ்சிவப்புத் திட்டு, ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். முகர்ந்தால் எலுமிச்சை இனத்து வாசனை. மிதமான சூட்டில் வளரும், நிழலைப் பொறுக்கும், சின்னஞ்சிறு செடியாக இருக்கும்போதே பூக்கத் தொடங்கும். புதியவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு பூ கிடைத்தால்தான் குழு கலையாது என்பது என் அனுபவம். இதன் குறை ஒன்றுதான்: நீரைச் சேமித்து வைக்கும் தடித்த தண்டு இதற்குக் கிடையாது. பத்து நாள் ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது செடியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

உங்கள் குழுவில் மறதிக்காரர்கள் அதிகமென்றால் இரண்டாம் தேர்வான லெப்டோட்டஸ் பைகலருக்குப் போங்கள். தென் பிரேசில், பராகுவே பகுதிகளைச் சேர்ந்தது. பென்சில் போல் உருண்ட சதைப்பற்றுள்ள இலைகளில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளைப் பூ, ஊதா கலந்த இளஞ்சிவப்பு உதடு. ஹராயெல்லாவைவிட நல்ல வெளிச்சம் கேட்கும். இதன் காய்களைப் பிரேசிலில் வெனிலாவைப் போல மணத்துக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது உபரிச் செய்தி.

கேள்வி: லெபாந்தெஸ் என்ற குட்டி ஆர்க்கிட்டின் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டோம். அதை எடுக்கலாமா?

வேண்டாம். மேகம் தவழும் மலைக்காடுகளில், எப்போதும் ஈரமான காற்றில் வாழ்பவை அவை. இவற்றில் பலவற்றுக்கு இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது பிடிக்கும். மூடிய கண்ணாடிப் பெட்டியும் சிறு விசிறியும் வைத்திருப்பவர்கள் வளர்க்கலாம். பன்னிரண்டு பேரிடமும் பெட்டி இருக்கிறதா? நானே ஒரு கோடையில் மூன்று செடிகளை இழந்திருக்கிறேன். மூன்றாவதை வாங்கும்போது முந்தைய இரண்டும் ஏன் போயின என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆசை யாரை விட்டது. நியூ கினி மலைகளின் டென்ட்ரோபியம் கத்பர்ட்சோனிக்கும் இதே பதில்தான். ஒரு பூ பல மாதம் வாடாமல் நிற்கும் அதிசயச் செடி, ஆனால் குளிர்ச்சி இல்லாமல் நடக்காது.

கேள்வி: 'மினியேச்சர்' என்பதற்கு அளவு உண்டா?

பொதுவாக 15 செ.மீ. உயரத்துக்குள் முதிர்ந்து நிற்கும் செடியை அப்படிச் சொல்கிறார்கள். முதிர்ந்து என்பதை அடிக்கோடிடுங்கள். வளரவேண்டிய நாற்றைக் குட்டி இனம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: கடையில் ஒருவர் ஹராயெல்லா என்கிறார், இன்னொருவர் காஸ்ட்ரோகைலஸ் என்கிறார். எது சரி?

இரண்டும் ஒரே செடிதான். தனிப் பேரினமாக இருந்ததைத் தாவரவியலாளர்கள் காஸ்ட்ரோகைலஸோடு சேர்த்துவிட்டார்கள். ஆர்க்கிட் உலகில் இது வாடிக்கை. நியோஃபினெட்டியா இன்று வாண்டா, குட்டி சோஃப்ரோனைட்டிஸ் இன்று கேட்லியா. பெயர்ச்சீட்டில் இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே தாய்ச்செடியின் பிரிவு வேண்டுமா, விதை நாற்று போதுமா?

எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வளர்ப்பு முறைகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லாச் செடிகளும் மரபில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் 'என் செடி ஏன் வாடியது' என்ற கேள்விக்குச் செடியின் மேல் பழி போட முடியாது. பன்னிரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்குமளவு பெரிய குட்டி ஆர்க்கிட் கிடைப்பது அரிது என்பதால், திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்து அதே செடியைப் பெருக்கும் முறை) வந்த செடிகளைத் தேட வேண்டியிருக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜார்ஜ் மோரல் 1960இல் தளிர் நுனியின் வளர்திசுவிலிருந்து ஆர்க்கிட்டைப் பெருக்கிக் காட்டிய பிறகு உருவான வழி அது. ஆனால் குட்டி இனங்களில் அப்படிப் பெருக்கப்பட்டவை குறைவு.

சந்தையில் அதிகம் கிடைப்பவை குடுவை நாற்றுகள், அதாவது விதையிலிருந்து கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்கவைத்தவை. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் இல்லை. காட்டில் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகமே போதும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்ஸன் 1922இல் காட்டியதால்தான் இன்று குடுவையில் நூற்றுக்கணக்கில் வளர்க்க முடிகிறது. ஒரே குடுவை நாற்றுகள் உடன்பிறப்புகள். ஒன்றின் உதட்டுத் திட்டு இன்னொன்றுக்கு அப்படியே வராது. என்னைக் கேட்டால் அந்த வேறுபாட்டுக்காகவே நாற்றைத்தான் வாங்குவேன். ஆனால் குடுவையிலிருந்து நேரே எடுத்ததை வாங்காதீர்கள். வெளிக்காற்றுக்குப் பழகி, ஓராண்டாவது வளர்ந்ததைக் கேளுங்கள்.

கேள்வி: காட்டில் சேகரித்த செடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

கூடாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. எல்லை தாண்டி வாங்கினால் நாற்றங்காலில் வளர்ந்ததற்கும் பெரும்பாலும் ஆவணம் வேண்டும்.

கேள்வி: மரத்துண்டில் கட்டுவதா, தொட்டியில் வைப்பதா?

ஆறு பேர் ஒரு வழி, ஆறு பேர் மறு வழி! இதைவிட நல்ல சோதனை உங்களுக்குக் கிடைக்காது. இவை மரத்தில் தொற்றி வாழும் செடிகள். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை காய்ந்தால் வெள்ளியாகவும், நனைந்தால் பச்சையாகவும் தெரியும். மரத்துண்டில் கட்டினால் அந்த நிறமாற்றம் கண்ணெதிரே நடக்கும், நீர் எப்போது ஊற்றுவது என்று வேரே சொல்லிவிடும்; விலையாக, வறண்ட வீட்டில் நாள்தோறும் தெளிக்க வேண்டும். ஸ்பாக்னம் பாசி நிரப்பிய சிறு தொட்டி வேலையைக் குறைக்கும், வேர் அழுகலைக் கூட்டும். பாசியை இறுக்கி அடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும். எந்த முறையானாலும் உப்பு நீரைத் தவிர்த்து மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

கேள்வி: குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை, நீர் ஊற்றிய நாள், புதிய வேர் நுனிகளின் எண்ணிக்கை. பூவைப் பற்றி எப்படியும் எழுதிவிடுவீர்கள். வேர் நுனியை எண்ண யாருக்கும் தோன்றாது. பச்சை நுனிகள் நின்றுபோனால், இலை சுருங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே சிக்கலைக் கண்டுகொள்ளலாம்.

கேள்வி: மாதம் ஒருமுறை செடிகளோடு கூடுகிறோம். கவனிக்க வேண்டியது ஏதாவது?

கத்தரியைக் கைமாற்றாதீர்கள். சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் வெட்டும் கருவி வழியாகவே செடி விட்டுச் செடி பரவுகின்றன, வந்தால் தீராது. ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது போதாது. கத்தியைத் தீயில் காட்டுங்கள், அல்லது ஒரு செடிக்கு ஒரு புதிய பிளேடு. மாவுப்பூச்சியும் இலைக் கக்கத்தில் ஒளிந்துகொண்டு விருந்துக்கு வரும்; மேசையில் வைக்கும் முன் ஒவ்வொரு இலையையும் லென்ஸால் பார்த்துவிடுங்கள்.