கொடையில் வில்லு ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில், கதை சூடுபிடிக்கும் கட்டத்தில் வில்லுப்பாட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டு மேளத்துக்கு வழிவிடுகிறார்கள். கதை கெட்டுப்போகிறதே? (நாங்குநேரி வாசகர்)

பதில்: கெடவில்லை. அந்தக் கட்டத்துக்காகத்தான் கதையே பாடப்படுகிறது. கொடையில் வில்லுப்பாட்டு வெறும் கச்சேரி அல்ல, பூசையின் ஓர் அங்கம். அதனால்தான் வில்லைச் சாமிக்கு நேர் எதிரே வைக்கிறார்கள். காப்புப் பாடல், குரு வணக்கம், அவையடக்கம் முடிந்து கதை தொடங்கும். கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து சுடலை பிறக்கும் இடம் வந்ததும் நடை துரிதமாகும், உடுக்கு நெருங்கும், நாணில் அடிக்கும் வீசுகோல் விழ விழ வில்மணிகள் ஓயாது. சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்துவிட்டால் பிறகு நையாண்டி மேளம்தான். ஆட்டம் அடங்கி, திருநீறு வாங்கியபின், கதை பாடும் புலவர் விட்ட அடியிலிருந்தே பிடிப்பார்.

கோளாறு வருவது வேறு இடத்தில். நன்கொடையாளர் பெயர் வாசித்தே அரை மணி போய்விடும். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு மணி 12 ஆகும்போது கதை பிறப்பையே எட்டியிருக்காது. புலவர் நடுவில் வெட்டித் தாவுவார், கேட்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. தீபாராதனை நேரத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்; அதற்கேற்ப வருணனையைச் சுருக்கிக்கொள்வார். கடைசியில் வாழ்த்திப் பாடும் வாழிப்பாடலை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். வாழி பாடாமல் வில்லை அவிழ்ப்பது முறையில்லை.

இன்னொன்று: வில்லுக்கு மேலே பந்தல் வேண்டும். பனி இறங்கினால் தோல் நாண் தொய்ந்து, வில்லின் ஓசை மட்டுப்படும்.