புறாவைக் கவ்விக்கொண்டு ஓடும் லாப்ரடார் குட்டி

வணக்கம். ஸ்காட்லாந்தில் நீங்கள் வளர்க்கும் 7 மாத லாப்ரடார், கான்வாஸ் டம்மியை (எடுத்துவரும் பயிற்சிக்காக வீசும் துணிப் பொதியை) ஒழுங்காகக் கொண்டுவந்தாலும், சுட்டு விழுந்த புறாவை மட்டும் புதருக்குள் தூக்கிச் சென்று மெல்லுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பல் மாறி முடியும் வயதில் சூடு ஆறாத பறவையைக் கொடுத்தது அவசரம் என்பதே என் கருத்து. சில வாரங்கள் பறவை கொடுப்பதை நிறுத்துங்கள். பிறகு நன்கு குளிர்ந்த, இரத்தக் கறையில்லாத புறாவை, இறகு வாயில் ஒட்டாதபடி பழைய காலுறைக்குள் இட்டு முடிந்து, இருபுறமும் வேலியுள்ள குறுகிய பாதையில் பத்தடி தூரத்தில் வீசுங்கள். எடுத்ததும் துரத்தாதீர்கள், அது விளையாட்டென்று எண்ணிவிடும். நீங்கள் பின்வாங்கி நடந்தால் தானே உங்களிடம் வரும். வந்ததும் பறிக்காமல், கழுத்தைத் தடவிக்கொடுத்து, சற்றுப் பொறுத்து, தாடைக்கடியில் உள்ளங்கையை நீட்டி வாங்குங்கள்.