பேனருக்கு ஒரு வாசகம்

கேள்வி: எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பையன் வாயில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம் இருக்கிறது. பெரிய பையன்கள் கஞ்சா, மாத்திரை என்று போய்விட்டார்கள். நற்பணி மன்றத்தின் சார்பில் ஜூன் 26 அன்று போதை பொருள் விழிப்புணர்வு பேரணியும் கையெழுத்து இயக்கமும் நடத்துகிறோம். பேனருக்கு நறுக்கென்று ஒரு வாசகம் எழுதித் தர முடியுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், மன்னார்குடி வட்டம்)

பதில்: முதலில் ஒரு 'ப்'. பிறகு இன்னொரு 'ப்'. போதைப்பொருள்; விழிப்புணர்வுப் பேரணி. கடிதத்தை வந்தபடியே அச்சிட்டிருக்கிறேன், கை வைக்கவில்லை. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பதினொரு வருஷமாக மாதம் தவறாமல் எனக்கு ஐம்பது பைசா அஞ்சலட்டை போடுகிறார். 'தங்கள் இதழில் இம்மாதம் காணாமல் போன ஒற்றுகள்: 23' என்று இருக்கும். நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. என் அப்பா காலமானதைப் பற்றி எழுதிய மாதமும் அட்டை வந்தது: 'ஆழ்ந்த இரங்கல். மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி, க் இல்லை.' இந்த மாதம் அவருக்கு ரெண்டு ஒற்று அன்பளிப்பு. பிழை வாசகருடையது ஐயா, என் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஒற்று கிடக்கட்டும், போட்டால் வந்துவிடும். என் தகராறு அந்த விழிப்புணர்வோடுதான். யாருக்கு விழிப்பு இல்லை என்கிறீர்கள்? உங்கள் ஊரிலேயே விழிப்பானவன் அந்தப் பையன்தான். ராத்திரி ரெண்டு மணிக்கும் முழித்திருக்கிறான். போலீஸ் ஜீப் அடுத்த ஊர் முக்கில் திரும்பும்போதே சத்தம் அவன் காதில் விழுந்துவிடும். எந்தக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கிடைக்கும், அட்டை என்ன விலை, போன மாதம் என்ன விலை, எல்லாம் அத்துப்படி. தெரியாதது உங்களுக்கும் எனக்கும்தான். நியாயமாகப் பார்த்தால் பேனரை அவன் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நாம் ரோட்டோரம் நின்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரிந்தால் திருந்திவிடுவான் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. குடி வீட்டுக்குக் கேடு, நாட்டுக்குக் கேடு, உயிருக்குக் கேடு என்று டாஸ்மாக் பாட்டிலிலேயே வருஷக்கணக்கில் அச்சடித்து ஒட்டினார்கள். அதைப் படித்துவிட்டு ஒருத்தராவது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2022ல் நீலகிரியில் காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் 10 ரூபாய் என்றார்கள். கொண்டுவந்து கொடுத்தார்கள். விற்கும்போதே கூடுதலாக வாங்கி வைத்த பத்து ரூபாய்தான்; ஆனாலும் கொடுத்தார்கள். காட்டில் யானைக் காலில் கண்ணாடி குத்தக்கூடாது என்பதற்காக நீதிமன்றம் தலையிட்டு வந்த திட்டம் அது. யானைக்கு யாரும் பேரணி நடத்தவில்லை, ஏற்பாடு செய்தார்கள்.

பலகை, பேனர் என்றதும் என் பழைய வியாதி தலைதூக்குகிறது. ஊருக்கு ஊர் 'போதை மீட்பு மையம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடகு வைத்த நகையை மீட்போம், அடமான நிலத்தை மீட்போம். போதையை மீட்டால்? நேற்று இறங்கிப் போன போதையை இன்றைக்கு வட்டியோடு கையில் கொடுப்பார்களா? இன்னொரு பலகை 'போதை மறுவாழ்வு இல்லம்'. போதைக்கே மறுவாழ்வு! இதை இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது நாலாவது தடவை என்று உதவி ஆசிரியர் முணுமுணுக்கிறார். பலகையை மாற்றட்டும், நிறுத்திவிடுகிறேன். அரசாங்கம் மட்டும் இளைத்ததா? மது வேண்டாம் என்பதற்கும் மதுவுக்கு வரி வாங்குவதற்கும் ஒரே துறை: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2023-24ல் டாஸ்மாக் வழியாகக் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு லாபகரமான விலக்கு உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

போன மாதம் உங்கள் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், உங்கள் ஊராகவே இருந்துவிடப் போகிறது. சாயங்காலம் ஐந்தரை மணி. 2006ல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று வந்ததே, அதில் ஊராட்சிக்கு ஒரு நூலகமும் விளையாட்டு மைதானமும் கொடுத்தார்கள். அந்த நூலகம் அங்கே இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தேன். புத்தகங்களைச் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், மூட்டை பிரித்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்திலேயே 2024ல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த விளையாட்டுச் சாமான். கிரிக்கெட் மட்டையின் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. உறைக்கு மேல் பல்லி முட்டை. 'சாவி?' என்றேன். 'கிளார்க்கிட்ட' என்றார்கள். கிளார்க்? 'அவரு மூணு ஊருக்கு.' தொலைந்துபோய்விடும் என்று பயந்து பூட்டி வைத்திருக்கிறார்களாம். பந்து பத்திரமாக இருக்கிறது.

பையன்கள் எங்கே என்றால் மதகுக் கட்டையில். ஏழெட்டுப் பேர். ஏன் மதகு? அங்கேதான் சிக்னல் எடுக்கிறது. அப்பா திருப்பூரில், அம்மா நடவுக்குப் போய்த் திரும்பிச் சோறு வடிக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு மணி நேரம் ஆகிறது. மதகுக்குக் கீழே தண்ணீரில்லாத வாய்க்காலில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொட்டலங்கள். நான் முதலில் டீத்தூள் பை என்று நினைத்தேன். கூல் லிப். குட்காவைத் தமிழ்நாட்டில் 2013லேயே தடை செய்தாயிற்று. ஆனாலும் இந்தப் பொட்டலத்துக்காக 2024ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை கேள்வி கேட்க வேண்டியிருந்தது. பையன்களில் ஒருத்தன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். 'உக்காருப்பா' என்றேன். உட்காரவில்லை. பெரியவர்கள் வந்தால் திட்டத்தான் வருவார்கள் என்று அவனுக்கு விழிப்புணர்வு இருக்கிறது.

ஐஸ்லாந்து என்று ஒரு நாடு. மொத்த ஜனமும் நாலு லட்சத்தைத் தொடாது. 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவிகிதம் பேர் முந்தின ஒரு மாதத்துக்குள் தலைகால் தெரியாமல் குடித்தவர்கள். 2016ல் அது 5 சதவிகிதம். பள்ளிக்கூடத்தில் போதையின் தீமைகள் என்று பாடம் நடத்திப் பார்த்து, அது வேலைக்கு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் வேறு வழிக்குப் போனார்கள். பிள்ளைகளிடமே வருஷா வருஷம் கேட்டார்கள்: சாயங்காலம் யாரோடு இருக்கிறாய், அப்பா அம்மாவுக்கு நீ இருக்கிற இடம் தெரியுமா? குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே சுற்றக்கூடாது என்று சட்டம். பெற்றோர்களே முறைவைத்துத் தெருவில் நடந்தார்கள். பந்தோ பாட்டோ நாட்டியமோ, எதில் சேர்ந்தாலும் தலைநகரத்து நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் பணம் கொடுத்தது. அவர்கள் பணக்கார நாடு, நமக்கு அந்த நகராட்சிப் பணம் வராது, ஒப்புக்கொள்கிறேன். தெருவில் நடப்பதற்குப் பணம் வேண்டாமே. திண்ணை இருந்த காலத்தில் நம் ஊரில் அதைத்தான் செய்தோம். 'யார்ரா அது, முருகேசன் பையனா? இந்நேரத்துல எங்க?' அதற்கு நாம் வம்பு என்று பெயர் வைத்திருந்தோம். திண்ணையை இடித்துக் கிரில் போட்டதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், அது தனிப் புலம்பல்.

விளையாட்டு என்றால் உடனே கபடிப் போட்டி வைத்துவிடாதீர்கள். என் இளவயதில் எங்கள் ஊர் அணி மூன்று வட்டாரத்தில் பெயர் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் ஜெயித்தோம். மூன்றாம் பரிசு உபயம் ஒரு சாராயக்கடைக் குத்தகைதாரர். முதல் பரிசு கோப்பையை எங்களுக்குக் கொடுத்ததும் அவர்தான். அன்று ராத்திரி அந்தக் கோப்பை என்ன பாடுபட்டது என்றால், அதில் ஊற்றித்தான் அணி மொத்தமும் குடித்தது. நானும் ஒரு வாய். பரிசுக்கும் குடிக்கும் கோப்பை என்று தமிழில் ஒரே சொல் வைத்தவன் தீர்க்கதரிசி. வருஷத்துக்கு ஒரு நாள் போட்டி நடத்தினால் மிச்சம் 364 சாயங்காலம் மதகுக்கட்டைதான்.

அஞ்சலட்டைக்காரர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார்: அப்படியானால் தூபகுண்டா? சரியான கேள்வி. 1992 வாக்கில் ஆந்திராவில், நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில், பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். பாடப்புத்தகத்தில் சாராயக்கடையை மூடவைத்த ஒருத்தியின் கதை இருந்தது. படித்தார்கள், எழுந்து போய்த் தங்கள் ஊர்க் கடையை மூடினார்கள். மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது, சாராயத்துக்குத் தடை வந்தது, பிறகு பூரண மதுவிலக்கே வந்தது, 1997ல் அது போயும் போனது. அங்கேயும் விழிப்புணர்வுதானே என்பார். இல்லை ஐயா. அவர்கள் பாடம் முடிந்ததும் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பையனுக்கு மட்டையும் பந்தும் போதாது. அதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம், மஞ்சக்குடி உங்களுக்கு எட்டின தூரம்தான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளி சென்னைக்கு வரவில்லையென்றால் மருத்துவமனை நோயாளியிடம் போகட்டும் என்று, 1980களின் கடைசியில் அவருடைய குழு மஞ்சக்குடிக்கு வந்தது. முகாம்தான். ஆனால் காலையில் குத்துவிளக்கு, மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் மூட்டைகட்டு என்கிற முகாம் இல்லை. பதினைந்து நாள். மருத்துவரும் செவிலியரும் ஆலோசகர்களும் ஊரிலேயே தங்கினார்கள். உள்ளூர் அமைப்பு இடம் கொடுத்தது. குடித்தவரோடு அவர் வீட்டு மனுஷர்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் மாதாமாதம் திரும்பி வந்து பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் திரும்பி வந்ததுதான். குடிகாரன் என்று எல்லோரும் சொன்ன ஆளைக் குடிநோயாளி என்று கூப்பிடும் வழக்கமும் இப்படிப்பட்ட இடங்களில்தான் ஊன்றியது. பெயர் வைக்கத் தெரிந்தவர்களும் நாட்டில் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். நிறுத்த வைக்கிறேன் என்று யாரையும் அறையில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். தினமும் நிறையக் குடித்து வந்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடவே நீங்களும் வரிசையில் நில்லுங்கள். தனியார் இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14446 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

பேரணியை நிறுத்தச் சொல்லவில்லை. டீசர்ட் அடிக்கக் கொடுத்திருப்பீர்கள். ஜூன் 26 காலையில் நடந்துவிட்டு, சாயங்காலம் அந்த மதகுப் பக்கம் போங்கள். மறுநாளும் போங்கள். நூலகச் சாவிக்கு மனு எழுதுங்கள், தரமாட்டேன் என்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பேனர் வாசகம் கேட்டிருந்தீர்கள். இதோ: 'நூலகம் தினமும் மாலை ஐந்து மணிக்குத் திறக்கும்.' அடியில், சாவி வைத்திருப்பவரின் செல் நம்பர். மணிக்கு என்பதற்கும் திறக்கும் என்பதற்கும் நடுவே ஒரு 'த்' வரும். அதை விட்டுவிடாதீர்கள், அட்டை எனக்குத்தான் வரும்.