இடுப்புத் துப்பாக்கிக்குத் தோல் உறையா, கைடெக்ஸா?

கேள்வி: அண்ணா, எனக்கு டர்பன் சாட்ஸ்வர்த்தில் கடை. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாக 9 மி.மீ. பிஸ்டலைத் தோல் ஹோல்ஸ்டரில் போட்டு இடுப்பில் வைத்திருக்கிறேன். குழல் முனையில் கறுப்பு தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. உடம்போடு ஒட்டும் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன. கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறை வாங்கலாம் என்றால், அது இன்னும் மோசமாகக் கீறும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: தம்பி, கைடெக்ஸ் வாங்குங்கள். உங்கள் நண்பர் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அவர் கவலைப்படுவது கீறலைப் பற்றி, நான் கவலைப்படுவது அந்தப் பழுப்புப் புள்ளிகளைப் பற்றி. முனையில் பளபளப்பு வந்தது தினமும் உருவி உருவிப் போட்டதால், அது எந்த உறையிலும் வரும். ப்ளூயிங் என்கிற அந்தக் கறுப்பு பெயின்ட் மாதிரி தடிப்பான பூச்சு இல்லை, இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய படலம், தேயத்தான் செய்யும். அதனால் குண்டு போகும் வழி கெடாது. துரு அப்படியில்லை. அது இரும்பையே தின்று குழி போடும்.

நம் ஊரில் துருவுக்கு என்ன குறை? டர்பன் கடல் காற்று, ஈரப்பதம், வியர்வை உப்பு. போதாததற்கு, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை முழுக்க மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்வதால், சட்டைக்குள்ளே உடம்போடு ஒட்டியே கிடக்கிறது. தோல் அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் கழற்றி வைத்த பிறகும் ஈரம் உள்ளேயே நிற்கும். தோலைப் பதப்படுத்திய விதமும் முக்கியம். குரோம் உப்பில் பதப்படுத்தியதை வாங்கவே வேண்டாம், மிச்ச உப்பு இரும்பை அரிக்கும். மரப்பட்டையில் பதப்படுத்தியது (இங்கே நேட்டாலில் விளையும் வாட்டல் மரப்பட்டை அதற்குத்தான் பேர் பெற்றது) எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் ஈரத்தை உறிஞ்சும். என் பழைய ரிவால்வரை நல்ல தோல் உறையோடு சேஃபில் மூன்று வாரம் விட்டுவிட்டேன், எடுத்தபோது சிலிண்டர் ஓரம் முழுக்கச் செம்பழுப்பு. அன்றிலிருந்து எந்த உறையானாலும் சரி, சேஃபுக்குள் துப்பாக்கி தனியாகத்தான் போகும்.

கைடெக்ஸ் தண்ணீரைக் குடிக்காது. அது பிளாஸ்டிக், இரும்பைவிட மென்மையானது, பெரும்பாலும் கீறுவது அதற்குள் மாட்டிக்கொண்ட மணல்தான். பீச்சுக்குப் போய் வந்தால் துப்பாக்கியை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, காலி உறையைக் குழாயில் காட்டி அலசுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று விற்பது உள்ளே ஆடும், ஆடினால் தேயும். இறுக்கும் ஸ்க்ரூவை அளவாக முடுக்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் காலி உறையைப் போட்டுவைக்காதீர்கள், சூட்டில் வளையும்.

நைலான் உறை விலை மலிவு, ஆனால் தொளதொளவென்று ஆகி வாய் மூடிக்கொள்ளும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நைந்த தோலிலும் இதே ஆபத்து உண்டு, மடங்கிய ஓரம் உள்ளே போய் ட்ரிகரை அழுத்திவிடலாம். உங்கள் உறை ஒரு வருஷம் உழைத்தது அல்லவா, இன்றே வாய் ஓரத்தை மடக்கிப் பாருங்கள். தொய்வு தெரிந்தால் புதுசு வரும்வரைகூட அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அப்புறம் அந்தப் புள்ளிகள். மேகசினை (குண்டுகள் அடுக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பர் (சுடுமுன் குண்டு நிற்கும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, எண்ணெய் தொட்ட மிக மென்மையான ஸ்டீல் வூலால் லேசாகத் தேயுங்கள். அழுத்தினால் மிச்ச ப்ளூயிங்கும் போய்விடும். நகத்தில் குழி தட்டுப்பட்டால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்.